பால் நிறக் குருதி

கொழுப்பும் கணைய அழற்சியும் பற்றிய அறிவியல் கட்டுரை
இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

உடலின் உறுப்புகளுள் சிலவற்றுக்குப் புகழ் உண்டு. இதயத்தைப் பாடாத கவிஞர் இல்லை. கண்ணைப் புகழாத காதலர் இல்லை. ஈரலைக்கூட 'ஈரக்குலை நடுங்குகிறது' என்று சொல்லித் தாய்மார்கள் தம் பதைப்பை வெளியிடுவர். ஆனால் கணையம் என்னும் உறுப்பை எவரும் நினைப்பதில்லை. இரைப்பையின் பின்னே, முதுகெலும்பை ஒட்டி, ஓசையின்றிப் பணி செய்யும் அவ்வுறுப்பு, தனக்கு ஊறு நேரும்போதுதான் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. தெரிவிக்கும் முறையோ மிகக் கொடியது.

சென்ற ஆண்டு வரை நானும் கணையத்தை இரண்டு மதிப்பெண் வினாவுக்குரிய பொருளாகவே அறிந்திருந்தேன். ஊர்க் கொடை முடிந்த மறுநாள் விடியற்காலையில் என் தாய்மாமாவுக்கு வயிற்றுவலி கண்டது. அவர் லாரி ஓட்டுநர், வயது 38. முதல் நாள் கிடா விருந்து நடந்திருந்ததால், 'வாயு பிடித்திருக்கும்' என்று சோடாவும் பெருங்காயம் கரைத்த மோரும் கொடுத்தார்கள். வலி அடங்கவில்லை. மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகு வரை ஊடுருவியது. மல்லாந்து படுக்க முடியாமல், தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு முன்புறமாகக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். குடித்த தண்ணீரும் வாந்தியாயிற்று. நண்பகலில் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி, 'தினமும் குடிப்பாரா?' என்பது. அது மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விதான், தவறில்லை. ஆனால் 'அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை' என்று என் அத்தை சொன்னதை அங்கே எவரும் நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தவர், 'லாரி ஓட்டுகிறவர் குடிக்காமலா இருப்பார்?' என்று சிரித்தார். மாலைக்குள் அச்சொல் ஊருக்குப் போய்விட்டது. பெற்ற தாயாகிய என் ஆச்சியே, 'நமக்குத் தெரியாமக் குடிச்சிருப்பானோ' என்று அழத் தொடங்கினாள்.

அந்நேரத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் ஒரு கண்ணாடிக் குழாயை ஏந்திக்கொண்டு வந்து மருத்துவரிடம் காட்டினார். அது மாமாவின் இரத்தம். செவ்வணுக்கள் அடியில் தங்கியிருந்தன. அவற்றின் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பசும்பால் போன்ற வெண்மை நின்றது. பின்னர் ஒரு தாள் வந்தது. 'நீதானல காலேசுல படிக்கே? இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு' என்று ஆச்சி அதனை என்னிடம் நீட்டினாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. தாளில் 'டிரைகிளிசரைடு 2,840' என்று இருந்தது. அப்பொருளின் அமைப்பு வாய்பாட்டை முதலாண்டுத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் அச்சொல்லுக்கும் கட்டிலில் துடித்துக்கொண்டிருந்த மாமாவுக்கும் என்ன தொடர்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று சொல்ல முடியாமற் போனதைப் பேராசிரியர்களிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் பின்னர் அறிந்துகொண்டேன். அதனையே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

கணையமும் அதன் இரு தொழில்களும்

கணையம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சுரப்பி. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால்பகுதி மண்ணீரலைத் தொடும். அதன் நடுவே ஓடும் நாளத்தை 1642-இல் இத்தாலியின் பதுவா நகரில் விர்சுங் என்பவர் கண்டு சொன்னார். கணையநீர் கொழுப்பைச் செரிக்கச் செய்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு நிறுவினார். 1869-இல் பெர்லினில் பவுல் லாங்கர்கான்சு என்னும் மருத்துவ மாணவர், கணையத்தினுள் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அப்போது அவருக்கு வயது 21 தான் என்பது நம் போன்ற மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தீவுகள் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. இன்சுலினைச் சுரப்பவை இவையே. எஞ்சிய பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. நாள்தோறும் சுமார் ஒன்றரை லிட்டர் கணையநீர் குடலுக்குள் பாய்கிறது. மாப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு, கொழுப்பைச் சிதைக்கும் லைபேசு, புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் முதலிய நொதிகள் அதில் உள்ளன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். புரதத்தைச் செரிக்கும் நொதியைத் தன்னுள்ளே வைத்திருக்கும் கணையம், தானும் புரதத்தாலானதுதானே? அது தன்னைத் தானே செரித்துக்கொள்ளாதிருப்பது எப்படி? விடை எளியது. டிரிப்சின், உறையிலிட்ட அரிவாளைப் போல, டிரிப்சினோசன் என்னும் செயலற்ற வடிவிலேயே கணையத்தில் இருக்கிறது. குடலை அடைந்த பின்னரே அங்குள்ள மற்றொரு நொதி அவ்வுறையைக் கழற்றுகிறது. ஏதேனும் ஒரு காரணத்தால் உறை கணையத்தினுள்ளேயே கழன்றுவிட்டால், அரிவாள் வைத்திருந்தவனையே வெட்டுகிறது. இதுவே திடீர்க் கணைய அழற்சி. 1889-இல் பாசுட்டன் நகர மருத்துவர் ரெசினால்டு ஃபிட்சு இந்நோயை விரிவாக எழுதினார். 1896-இல் ஆன்சு கியாரி, கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்வதே இதன் அடிப்படை என்று கூறினார்.

உறை கழல்வதற்குரிய காரணங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, பித்தப்பைக் கல் நழுவி வந்து நாளத்தின் வாயை அடைப்பது. மற்றொன்று, மது. இவ்விரண்டையும் பலர் அறிவர். மூன்றாவது காரணமொன்று உண்டு. இரத்தத்தில் டிரைகிளிசரைடு அளவுக்கு மீறிப் பெருகுவதே அது. நூறு நோயாளிகளுள் பத்துப் பேர் வரை இதனால் நோயுறுகின்றனர். என் மாமா அந்தப் பத்துப் பேருள் ஒருவர்.

கொழுப்பின் வேதியியல்

கிளிசரால் என்பது மூன்று கார்பன் அணுக்களைக் கொண்ட ஓர் ஆல்ககால். அதன் ஒவ்வொரு கார்பனிலும் ஓர் ஐதராக்சில் தொகுதி உண்டு. அம்மூன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் நீர் நீங்கி இணைந்தால் உண்டாகும் எசுத்தரே டிரைகிளிசரைடு. மூன்று வால் கட்டிய காற்றாடியைப் போன்றது அதன் வடிவம். நல்லெண்ணெயும் நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் பெரும்பாலும் இதுவே. நம் தொப்பையில் சேமித்து வைத்திருப்பதும் இதுவே.

இதனைக் கொலசுட்ரால் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். கொலசுட்ரால் வேறு பொருள். வளையங்கள் பிணைந்த அமைப்புடையது. உயிரணுச் சவ்வுகளைக் கட்டுவதற்குப் பயன்படுவது. டிரைகிளிசரைடோ எரிபொருள். கொலசுட்ரால் மிகுந்தால் தமனிகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல அடைபடும். டிரைகிளிசரைடு மிக மிக உயர்ந்தால் கணையம் ஒரே இரவில் பற்றிக்கொள்ளும்.

கொழுப்பை எரிசோடாவுடன் சூடாக்கினால் கிளிசரால் பிரிந்து, கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பாகிய சோப்பு கிடைக்கிறது. இச்சோப்பாக்கல் வினையை ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறோம். உப்புநீரில், அதாவது கால்சியம் மிகுந்த கடின நீரில், சோப்பு நுரைக்காமல் வெண்ணிறத் திரளாகப் படிவதையும் கிணற்றடியில் கண்டிருக்கிறோம். இவ்விரு வினைகளையும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவை மனித வயிற்றுக்குள்ளும் நடக்கக்கூடியவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

குருதியில் கொழுப்பின் பயணம்

எண்ணெயும் நீரும் கலவா. ஆகவே கொழுப்பு இரத்தத்தில் தனியே செல்ல இயலாது. புரதத்தாலும் பாசுபோலிப்பிடாலும் ஆன மேலுறை பூண்டு, நுண்ணிய உருண்டைகளாகவே செல்கிறது. உணவிலிருந்து வரும் கொழுப்பைக் குடல் கைலோமைக்ரான் என்னும் பெரிய உருண்டைகளாகக் கட்டி, நிணநீர்க் குழாய் வழியே இரத்தத்தில் சேர்க்கிறது. சோறு, சர்க்கரை, மது ஆகியவற்றின் மிகுதியிலிருந்து ஈரலும் கொழுப்பைத் தயாரித்து, மிகக் குறைந்த அடர்த்திக் கொழுப்புப் புரதம் என்னும் சற்றுச் சிறிய உருண்டைகளாக அனுப்புகிறது.

இவ்விரு வகை வண்டிகளும் சரக்கை இறக்க வேண்டிய இடம் தசையும் கொழுப்புத் திசுவும் ஆகும். அங்குள்ள நுண்குழாய்களின் சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேசு என்னும் நொதி காத்திருக்கிறது. அது டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை உள்ளே அனுப்புகிறது. 1943-இல் ஆன் என்னும் ஆய்வாளர், கொழுப்பு மிகுந்து பால்போலிருந்த நாய்களின் இரத்தநீர் எப்பாரின் ஊசிக்குப் பின் தெளிந்துவிடுவதைக் கண்டு வெளியிட்டார். சுவரில் ஒட்டியிருந்த நொதியை எப்பாரின் கழற்றி இரத்தத்தில் விட்டதே அதன் காரணம். 1955-இல் எட்வர்டு கார்ன் அந்நொதியை ஆராய்ந்து விளக்கினார்.

நல்ல உடலில், விருந்துண்டபின் கலங்கிய இரத்தநீர் 12 மணி நேரத்திற்குள் தெளிந்துவிடுகிறது. ஆனால் இருவகை வண்டிகளுக்கும் சுங்கச்சாவடி ஒன்றே என்பதை மறத்தலாகாது. ஈரலிலிருந்து வரும் வண்டிகளே சாவடியை அடைத்துக்கொண்டு நின்றால், விருந்திலிருந்து வரும் வண்டிகள் பின்னால் தேங்கத்தான் செய்யும். ஓரளவுக்கு மேல் சிறிது கூடுதலாக வந்தாலும் தேக்கம் பன்மடங்காகிவிடும். சோதனைக் குழாயில் நான் கண்ட வெண்மை இத்தேக்கமே.

எவ்வளவு இருக்கலாம்?

100 மில்லிலிட்டரில் 150 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200 முதல் 499 வரை மிகுதி. 500-உம் அதற்கு மேலும் மிக மிகுதி. கணையத்திற்கு உண்மையான அச்சம் பொதுவாக 1,000-ஐக் கடந்தபின் தோன்றுகிறது. 1,000-க்கு மேல் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐவர் அளவிலும், 2,000-க்கு மேல் பத்து முதல் இருபது பேர் வரையிலும் கணைய அழற்சிக்கு ஆளாகின்றனர்.

இவ்வெண்களை ஆச்சிக்கு எப்படி விளக்குவது என்று எண்ணி ஒரு சிறு கணக்குப் போட்டேன். ஒரு மனிதனின் உடலில் இரத்தநீர் ஏறத்தாழ 3 லிட்டர். இயல்பின் மேல் எல்லையில் அதில் மிதக்கும் டிரைகிளிசரைடு நாலரை கிராம்; ஒரு தேக்கரண்டி எண்ணெய். மாமாவின் அளவுப்படி பார்த்தால் 85 கிராம்! ஒரு சிறு கிண்ணம் நிறைய எண்ணெய். அது இரத்தக் குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வாறு சொன்னதும் ஆச்சிக்கு விளங்கிவிட்டது.

கணையம் புண்படும் விதம்

1969-இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஏவல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இன்றும் அதுவே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. கணையத்தின் நுண்குழாய்களில் கைலோமைக்ரான்கள் நிரம்பி ஊர்கின்றன. கணையத்திலிருந்து சிறிதளவு கசியும் லைபேசு அவற்றைத் தாக்கி உடைக்கிறது. ஒவ்வொரு டிரைகிளிசரைடிலிருந்தும் கொழுப்பு அமிலங்கள் விடுபடுகின்றன. சிறிதளவாயின் இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் அவற்றைப் பற்றி அடக்கிவிடும். வெள்ளமாக வரும்போது ஆல்புமின் போதாது. கட்டற்ற கொழுப்பு அமிலம் சோப்பைப் போன்றே சவ்வுகளைக் கரைக்கவல்லது. அது நுண்குழாயின் சுவரையும் கணைய உயிரணுக்களையும் அரிக்கிறது.

மேலும், பெரிய உருண்டைகள் நிறைந்த இரத்தம் கெட்டிப்பட்டு மெதுவாக ஓடுகிறது. உயிர்வளி குறைகிறது, அமிலத்தன்மை கூடுகிறது. அமிலச் சூழலில் டிரிப்சினோசனின் உறை எளிதில் கழல்கிறது. புண்பட்ட உயிரணுக்களிலிருந்து மேலும் லைபேசு வெளியேறி மேலும் கொழுப்பை உடைக்கிறது. வைக்கோற்போரில் விழுந்த தீப்பொறி போல ஒன்றிலிருந்து ஒன்றாக நோய் பரவுகிறது.

வெளிப்பட்ட லைபேசு கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் விடுவதில்லை. அங்கு விடுபடும் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்திலிருந்து வரும் கால்சியத்துடன் சேர்கின்றன. விளைவு என்ன? கால்சியம் சோப்பு! கிணற்றடியில் துணி துவைக்கும்போது படியும் அதே வெண்ணிறத் திரள், வயிற்றுக்குள் சுண்ணாம்புப் புள்ளிகளாகப் படிகிறது. இதனால் இரத்தத்தில் கால்சியம் குறைந்து, கடுமையான நோயாளிகளுக்குக் கைகால் இழுப்பும் உண்டாகலாம். ஆய்வகத்தில் சோப்பு செய்த அன்று, இவ்வினையால் ஒரு மனிதன் உயிருக்குப் போராடக்கூடும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கொழுப்பு ஏன் இவ்வளவு மிகுகிறது?

இரத்தம் பால்போல் இருந்ததும் கணைய அழற்சியும் ஒரே நோயாளியிடம் காணப்பட்டதை 1865-இலேயே இசுபெக் என்பவர் எழுதியிருக்கிறார். 1932-இல் செருமானிய மருத்துவர்களான பியூர்கரும் குரூட்சும், ஈரலும் மண்ணீரலும் வீங்கி, தோலில் மஞ்சள் கொப்புளங்களுடன், பாலொத்த குருதியுடைய ஒரு சிறுவனை விவரித்தனர். அவனுக்கு இருந்தது பிறவிக்குறை. லிப்போபுரோட்டீன் லைபேசுக்குரிய மரபணு எட்டாம் குரோமோசோமில் உள்ளது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படியைப் பெறும் குழந்தைக்கு அந்நொதி வேலை செய்யாது. பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே இக்குறை உண்டு. 1967-இல் பிரெட்ரிக்சனும் அவருடைய தோழர்களும் குருதிக் கொழுப்பு நோய்களை ஐந்து வகையாகப் பிரித்தபோது இதனை முதல் வகையாக வைத்தனர்.

பெரும்பாலோர்க்குக் காரணம் இவ்வளவு அரிதன்று. மரபில் சிறிய குறைகள் சில இருக்கும்; அவற்றின்மேல் வேறொரு சுமை வந்து சேரும். கட்டுப்படாத நீரிழிவு, மது, உடற்பருமன், தைராய்டுச் சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், ஈசுட்ரோசன், இசுட்டீராய்டு போன்ற சில மருந்துகள் ஆகியவை அச்சுமைகள். கருவுற்ற தாய்மார்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் டிரைகிளிசரைடு இயல்பாகவே உயரும். முன்பே குறையுள்ளவர்க்கு அது ஆபத்தான உயரமாகலாம்.

நீரிழிவைச் சற்று விரித்துக் கூறவேண்டும். லிப்போபுரோட்டீன் லைபேசை ஊக்குவிப்பது இன்சுலின். இன்சுலின் குறைந்தால் சுங்கச்சாவடியில் ஆள் குறைகிறது. அதே வேளையில் கொழுப்புத் திசு தன் சேமிப்பை அவிழ்த்துவிட, ஈரல் அதனைப் புதிய வண்டிகளில் ஏற்றி அனுப்புகிறது. வரவு மிகுந்து செலவு நின்றுவிடுகிறது. மாமாவுக்கு நான்கு ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது. நீண்ட பயணங்களில் மாத்திரை தவறி, பின்னர் அடியோடு நின்றுபோயிற்று. இரவில் பரோட்டா, தூக்கம் வராமலிருக்க மணிக்கொரு முறை சர்க்கரை மிகுந்த தேநீர். கிடா விருந்து கடைசிப் பொறி மட்டுமே. வைக்கோற்போர் பல மாதங்களாகக் குவிந்திருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகிய பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. அதில் ஆராயப்பட்டோருள் 29.5 விழுக்காட்டினர்க்கு டிரைகிளிசரைடு இயல்பை விட மிகுந்திருந்தது. அவர்களுள் மிகச் சிலரே ஆயிரத்தைத் தொடுவர் என்பது ஆறுதல். ஆனால் அச்சிலர் யார் என்பது சோதித்தாலன்றித் தெரியாது.

நோயை அறிதல்

மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் கடும் வலி. இரத்தத்தில் அமைலேசு அல்லது லைபேசு மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கு உயர்தல். ஊடுகதிர் அடுக்குப் படம் போன்றவற்றில் கணையத்தின் வீக்கம் தெரிதல். இம்மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு இதனை விதியாகத் தருகிறது.

பால் நிறக் குருதி பரிசோதனைக் கருவிகளையும் ஏமாற்றவல்லது. கலங்கல் காரணமாக அமைலேசு இயல்பாக இருப்பதுபோல் காட்டலாம். சோடியம் உண்மைக்குக் குறைவாகத் தெரியலாம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.-ஐக் கணக்கிட வழக்கமாகப் பயன்படும் பிரீட்வால்டு வாய்பாடும் டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் பயன்படாது. மற்றொன்று காலத்தைப் பற்றியது. உணவை நிறுத்தியவுடன் டிரைகிளிசரைடு விரைந்து இறங்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சோதித்தால் உண்மைக் காரணம் மறைந்து, பழி வேறொன்றின்மேல் விழக்கூடும். முதல் நாளிலேயே இரத்தம் எடுக்கப்பட்டது மாமாவின் நற்பேறு.

உடல் முன்னரே சில குறிப்புகளைத் தருவதுண்டு. முழங்கை, புட்டம் ஆகிய இடங்களில் சிவந்த விளிம்புடன் மஞ்சள் நிறச் சிறு பருக்கள் கூட்டமாகத் தோன்றும். கண்ணின் உட்புறத்தை மருத்துவர் பார்த்தால், மிக உயர்ந்த அளவுகளில் இரத்தக் குழாய்கள் வெளிறித் தெரியும். மாமாவின் முழங்கையில் இரண்டு மாதங்களாகவே பருக்கள் இருந்தன. வேர்க்குரு என்று நாங்கள் சந்தனம் பூசினோம்.

மருத்துவம்

எல்லாக் கணைய அழற்சிக்கும் உரிய மருத்துவமே முதலில் தரப்படுகிறது. நரம்பு வழியே நீர், வலியடக்கும் மருந்து, கணையத்திற்கு ஓய்வு. வாந்தியும் வலியும் தணிந்தவுடன் உணவு தொடங்கப்படுகிறது. ஐந்தில் நால்வர்க்கு நோய் மிதமாக இருந்து சில நாட்களில் அடங்கிவிடும். ஐந்தாமவர்க்கு நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். 

கொழுப்பைக் குறைக்க உணவை நிறுத்துவதே பெருமளவு உதவுகிறது. நீரிழிவு உள்ளவர்க்கு இன்சுலின் சொட்டு சொட்டாக ஏற்றப்படுகிறது. அது நொதியை எழுப்பிவிடுகிறது. சிலருக்கு இயந்திரத்தின் மூலம் கொழுப்பு மிகுந்த இரத்தநீரைப் பிரித்தெடுத்து மாற்றுவதும் உண்டு. மாமாவுக்கு இன்சுலினே போதுமானதாயிற்று. மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் வெண்மை பெரிதும் மறைந்து, இரத்தநீர் மங்கலான மஞ்சளாய் நின்றது. அளவு 700-க்கு இறங்கியிருந்தது.

பிறவிக்குறை உடையோர்க்கு நீண்ட காலம் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே வழியாக இருந்தது. 2012-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற ஒரு மரபணு மருத்துவம், அளவிறந்த விலையாலும் பயன்படுத்துவோர் இன்மையாலும் 2017-இல் கைவிடப்பட்டது. நொதிக்குத் தடையாக நிற்கும் அப்போ சி-3 என்னும் புரதம் உருவாகாமல் செய்யும் ஒலெசார்சன் என்ற ஊசி மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அறிவியல் மெல்ல நடந்தாலும் நிற்பதில்லை.

வருமுன் காத்தல்

ஒருமுறை இந்நோய் கண்டவர் டிரைகிளிசரைடை 500-க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவைக் கட்டுப்படுத்துவது முதற்கடமை. மதுவை அறவே விலக்க வேண்டும். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு, சோறு, மைதா, சர்க்கரை ஆகியவற்றை வழக்கம்போல் உண்டால் பயனில்லை. ஈரல் அவற்றிலிருந்து கொழுப்பைச் செய்துவிடும். எடை சிறிது குறைந்தாலும் நன்மை உண்டு. நடப்பது நல்லது, உழைக்கும் தசை கொழுப்பை வாங்கிக்கொள்ளும். தேவைப்படுவோர்க்கு மருத்துவர் பெனோபைப்ரேட்டு போன்ற மாத்திரைகளைத் தருவார். எம்மருந்தையும் தாமே தொடங்குவதும் தாமே நிறுத்துவதும் தவறு.

முடிவுரை

கதையை இங்கேயே முடித்தால் அது முழு உண்மையாகாது. எட்டு மாதம் கழித்து மாமாவுக்கு இரண்டாம் முறையும் வலி வந்தது. மாத்திரையை மீண்டும் விட்டிருந்தார். அதைவிட எங்களை வருத்தியது வேறொன்று. வலி தொடங்கி ஒரு பகலும் ஓர் இரவும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'மறுபடியும் குடிகாரன் என்று சொல்வார்களே' என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். அத்தைதான் கண்டுபிடித்து அழைத்துப் போனார். இம்முறை பதினொரு நாள் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. முதல் முறை பேசப்பட்ட ஒரு சொல் இரண்டாம் முறை ஒரு நாளை விழுங்கிவிட்டது. இந்நோயில் முதல் நாள் எவ்வளவு அரியது என்பதை மேலே கண்டோம்.

மதுவால் இந்நோய் வருவது உண்மை. அவ்வாறு வந்தவரும் நோயாளியே. அவருக்கும் வேண்டியது மருத்துவமே அன்றி ஏச்சு அன்று. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பவரைக் கண்டதும் 'குடித்திருப்பான்' என்று தீர்ப்பெழுதுவது அறிவுடைமை ஆகாது. ஒரு குழாய் இரத்தம் சொல்லும் சான்றை ஊர்ப்பேச்சு சொல்லாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, திண்ணையில் கூடியிருந்தவர்களிடம் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் காட்டி, 85 கிராம் கணக்கைச் சொன்னேன். கடின நீரில் சோப்புத் திரிவதையும் சொன்னேன். சிலர் நம்பினர், சிலர் தலையை மட்டும் அசைத்தனர். ஆச்சி மட்டும் எழுந்து உள்ளே போய், மாமாவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது அவர் மாத்திரை டப்பாவை லாரியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்திருக்கிறார். சென்ற மாதச் சோதனையில் அளவு 310.

அன்று ஆச்சி நீட்டிய தாளைப் படிக்க முடியாமல் நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாம் தேர்வுக்காக எழுதும் ஒவ்வொரு வாய்பாடும் எங்கோ ஒரு வீட்டின் கவலையாக இருக்கிறது. முதன்முதலாகப் படிக்க வந்தவனிடம் வீடு கேட்பது மதிப்பெண்ணை அன்று. 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்பதைத்தான். அதற்கு விடை சொல்லும் அளவுக்கேனும் நம் கல்வி அமையுமாக.